ஊர்ப்பெயர் சொல்லிப் பாடும் பியான்சே: 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பம்

காவிரிப் படுகையில் இசைக்கலைஞருக்கு ஊர்தான் முதற்பெயர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை என்று ஊரைச் சொன்ன பிறகே ஆளைச் சொல்வது இங்கு வழக்கம். எந்தப் பாணி, எந்தக் கோயில், யாரிடம் பாடம் என்பதெல்லாம் அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதுமே ரசிகருக்குப் புரிந்துவிடும். அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தைக் கேட்கத் தொடங்கியதும் கும்பகோணத்தில் வளர்ந்த என் காதுக்கு முதலில் பிடிபட்டதும் இந்த வழக்கம்தான். ஒற்றைப் பெயராலேயே உலகம் முழுவதும் அறியப்பட்ட ஒருவர், தொடக்கப் பாடலான 'அமெரிக்கன் ரெக்வியம்' என்பதில், அலபாமாவின் காட்ஸ்டன், டெக்சஸின் கால்வெஸ்டன், லூசியானா என்று தம் முன்னோரும் உறவினரும் வாழ்ந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறார். தம் பேச்சில் பட்டிக்காட்டு வாடை அதிகம் என்று ஒரு காலத்தில் குறை கேட்டதையும், பிறகு அந்த வாடை போதவில்லை என்று தள்ளிவைக்கப்பட்டதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். தேவாலயக் கூட்டுப்பாடலைப் போன்ற குரலடுக்கில் தொடங்கி, ராக் இசையின் முழக்கத்துக்குள் நுழைந்து வெளிவரும் இந்தப் பாடலைவிட நிமிர்ந்த தொடக்கத்தை அவருடைய வேறெந்த ஆல்பத்திலும் நான் கேட்டதில்லை.

2024 மார்ச் 29 அன்று வெளியான இந்த ஆல்பம், மூன்று பாகங்களாகத் திட்டமிடப்பட்ட வரிசையில் இரண்டாவது. முதலாவது, 2022 ஜூலையில் வந்த 'ரெனசான்ஸ்'. அது நடனக் கூடங்களின் இசைக்கு உரியது. இது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கன்ட்ரி இசையைத் தளமாகக் கொண்டது. 27 தடங்கள், ஏறத்தாழ 78 நிமிடங்கள். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து உருவாக்கியதாகவும், பல ஆண்டுகளுக்கு முன் தமக்கு வரவேற்பில்லை என்று உணர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து இது பிறந்ததாகவும், இதைக் கன்ட்ரி ஆல்பம் என்று கொள்ளாமல் பியான்சே ஆல்பம் என்றே கொள்ள வேண்டும் என்றும் வெளியீட்டுக்கு முன் அவர் எழுதியிருந்தார். அந்த அனுபவம் எங்கே நேர்ந்தது என்று அவர் பெயர் குறிப்பிடவில்லை. 2016 நவம்பரில் நடந்த கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழாவில் அவர் 'டாடி லெசன்ஸ்' என்ற தம் பாடலைப் பாடியதும், அதற்குப் பிறகு கன்ட்ரி ரசிகர்களில் ஒரு பகுதியினர் இவருக்கு இங்கே என்ன வேலை என்று கொதித்ததும் ரசிகர்களாகிய எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் கொதிப்பு எவ்வளவு அறியாமையில் பிறந்தது என்பதைக் கன்ட்ரி இசையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம். அந்த இசையின் அடையாளமாகவே ஆகிவிட்ட பாஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் ஊர் வாத்தியங்களின் நினைவில் உருவாக்கிய தந்திக் கருவியாகும். கன்ட்ரி நட்சத்திரமான ஹேங்க் வில்லியம்ஸுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தவர் 'டீ டாட்' என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞர். 1927-இல் தங்கள் முதல் ஒலிப்பதிவைச் செய்த கார்ட்டர் குடும்பம் என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசைக்குழுவுக்காக மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போன ஏ. பி. கார்ட்டருடன் கூடவே நடந்து, மெட்டுகளை மனத்தில் வாங்கி வந்து கொடுத்த லெஸ்லி ரிடிலும் கறுப்பினத்தவரே. மாடு மேய்த்துச் சென்ற கவ்பாய்களிலும் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. பியான்சேயின் புகுந்த வீட்டுப் பெயரும் கார்ட்டர் என்றே அமைந்துவிட்டது. அந்தப் பொருத்தத்தை விட்டுவிட அவர் என்ன அசடா!

இந்த வரலாற்றை அவர் பாடமாக நடத்தாமல் வாத்தியங்களிடமே ஒப்படைத்துவிடுகிறார். 'டெக்சஸ் ஹோல்டெம்' பாடலின் தொடக்கத்தில் துள்ளி வரும் பாஞ்சோவை வாசித்திருப்பவர் ரியானன் கிடென்ஸ். பாஞ்சோவின் கறுப்பின வேர்களை மேடைதோறும் நிலைநாட்டி வரும் கலைஞர் அவர். கேட்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பாட்டு கால்களை ஆட்டிவைத்துவிடும். தெரிந்தவர்களுக்கோ, அந்த முதல் சில நொடிகளே ஒரு முழு வாதமாக ஒலிக்கும். இந்தப் பாடலின் மூலம் பில்போர்டு இசை இதழின் கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் என்ற இடமும் பியான்சேக்குக் கிடைத்தது.

'பிளாக்பேர்ட்' என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. 1968-இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட இந்தப் பாடல், 1957-இல் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் வெள்ளையர்களின் எதிர்ப்புக்கு நடுவே நுழைந்த கறுப்பின மாணவர்களின் போராட்டத்தை எண்ணி எழுதப்பட்டதாக அதை இயற்றிப் பாடிய பால் மெக்கார்ட்னி பலமுறை கூறியிருக்கிறார். பியான்சே இதைத் தனியாகப் பாடவில்லை. டேனர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியேரா கென்னடி, ரெய்னா ராபர்ட்ஸ் என்று கன்ட்ரி இசையில் இடம் தேடிக்கொண்டிருக்கும் நான்கு கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடியிருக்கிறார். ஐந்து குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது யார் நட்சத்திரம், யார் புதியவர் என்று பிரித்தறிய முடியாதபடி கலவை செய்திருக்கிறார்கள். மன்னார்குடியில் இருக்கும் என் பெரிய மாமா இளமையில் தவில் வாசித்தவர். ஆங்கிலப் பாட்டு என்றால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுபவர். இந்தப் பாடலைப் போட்டபோது மட்டும் போகாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பாடுறவங்க நல்லாத்தான் பாடுறாங்கம்மா, ஆனா பின்னால யாரோ ஒருத்தர் காலால தரையில தட்டிக்கிட்டே இருக்காரே, அது யாரு?" என்று கேட்டார். அந்தத் தட்டல் மெக்கார்ட்னியுடையது. 1968 ஒலிப்பதிவில் இருந்த கிதாரையும் காலால் தட்டும் அந்தத் தாளத்தையும் அப்படியே எடுத்து, அதன்மேல் புதிய குரல்களைச் சேர்த்திருக்கிறார்கள். விவரத்தைச் சொன்னதும் மாமா, "காலப்பிரமாணம் கொஞ்சமும் அசையலையே" என்று சொல்லி இன்னொரு முறை போடச் சொன்னார். நான் படித்த விமர்சனங்களைவிட அந்தக் கேள்வியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆல்பம் முழுவதும் ஒரு கற்பனை வானொலி நிலையத்தின் ஒலிபரப்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. கன்ட்ரி இசையின் மூத்த பாடகர் வில்லி நெல்சன் அறிவிப்பாளராக வந்து பேசுகிறார். இன்னொரு மூத்த பாடகி டாலி பார்ட்டன் பேசுகிறார். அலைவரிசைக் குமிழைத் திருகும்போது பழைய கறுப்பினக் கலைஞர்களான சக் பெர்ரியும் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பும் அரைகுறையாகக் கேட்டு மறைகிறார்கள். ஊடே ஊடே வரும் இந்தப் பேச்சுகள் பாட்டின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று சிலர் குறைப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரையோரத்தில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள்: அறிவிப்பாளரின் குரலும், பாட்டுக்கு முன்னால் அவர் சொல்லும் இரண்டு வரியும், பக்கத்து அலைவரிசையின் இரைச்சலும் சேர்ந்ததைத்தான் அவர்கள் பாட்டு கேட்பது என்பார்கள்.

அந்த வானொலியின் குரல்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவர் லிண்டா மார்டெல். தெற்கு கரோலினாவில் பிறந்த இவர், கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். 1970-இல் ஒரே ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதோடு அந்தத் துறை அவரை மறந்துவிட்டது. எண்பது வயதைக் கடந்த அவரைப் பியான்சே தேடிச் சென்று ஒலிவாங்கியின் முன் அமர்த்தியிருக்கிறார். 'ஸ்பகெட்டி' பாடலின் தொடக்கத்தில், இசையை வகை பிரிப்பது எவ்வளவு வேடிக்கையானது என்றும், ஏட்டளவில் எளிதாகத் தோன்றும் அந்தப் பிரிவினை சிலரை அடைத்துவைத்துவிடுகிறது என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. உடனே பின்னால் கன்ட்ரியின் சாயலே இல்லாத முழு ராப் பாடல் வெடித்துக் கிளம்புகிறது. மார்டெல் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்க முடியாது.

இதைக் கேட்கும்போது திருவையாற்றுக்காரர்களுக்குப் பெங்களூர் நாகரத்தினம்மாள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1920-களில் தம் சொத்தைச் செலவழித்துத் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பியவர் அவர். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று அதை நடத்திய இரு கட்சி ஆண்களும் ஒருமனதாக நின்றபோது, பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்திக் காட்டினார். தாமே கட்டிய வாசலில் தமக்கு அனுமதி இல்லை என்ற நிலையை அவர் சந்தித்த விதத்துக்கும், பாஞ்சோவைக் கொடுத்த மக்களின் பேத்தி இந்த ஆல்பத்தில் நடந்துகொள்ளும் விதத்துக்கும் இடையில் கடல் இருக்கிறதே தவிர வேறு தூரம் இல்லை.

அடுத்து, 'டாட்டர்'. துரோகத்துக்குப் பழிவாங்கும் எண்ணம் மனத்தில் கொதிக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. கன்ட்ரியில் நெடுங்காலமாக உள்ள கொலைக்கதைப் பாடல்களின் வழியில் வந்தது. பாதிப் பாடலில் திடீரென்று பியான்சே இத்தாலிய மொழிக்கு மாறி, 'காரோ மியோ பென்' என்ற 18-ஆம் நூற்றாண்டுப் பாடலைப் பாடுகிறார். மேற்கத்திய செவ்விசை படிக்கும் மாணவர்கள் அனைவரும் பாடிப் பழகும் பாடல் அது. கன்ட்ரிப் பாட்டில் இத்தாலியம் எதற்கு என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவர். அவற்றை நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அந்த வயலின் இல்லாமல் இன்று வாய்ப்பாட்டுக் கச்சேரி நடப்பது அரிது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பதில் பொருள் இல்லை. எனக்கு வியப்பளித்தது மொழி மாற்றம் அன்று; கோபத்தின் உச்சியில் இருக்கும் குரல் ஒரு கணத்தில் பளிங்குபோலத் தெளிந்து, மறுபடி கோபத்துக்குத் திரும்புகிற அந்தச் சாரீரக் கட்டுப்பாடு.

சாரீரம் என்று சொல்லும்போது '16 கேரியேஜஸ்' பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் பாடக் கிளம்பிய சிறுமியின் உழைப்பைப் பேசும் பாடல் இது. முரசு அடிக்கும்போது வரி நின்று, மறுபடி கிளம்பும்போது மூச்சு தெரிகிறது. அந்த மூச்சை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். இதில் ஸ்டீல் கிதார் வாசித்த ராபர்ட் ராண்டால்ஃப், தேவாலயங்களில் அந்தக் கருவியை வாசிக்கும் கறுப்பின மரபிலிருந்து வந்தவர். அடுத்து வரும் 'புரொடெக்டர்', மகள் ரூமி தாலாட்டுக் கேட்கும் குரலோடு தொடங்குகிறது. பாட்டு முழுவதும் ஓரிடத்திலும் அவர் குரலை உயர்த்தவில்லை. உலகத்தின் மிகப் பெரிய மேடைகளை நிரப்பும் தொண்டை, ஒரு கட்டிலுக்குத் தேவையான அளவு மட்டும் பாடுவதைக் கேட்பதற்காகவே இந்த ஆல்பத்தை நான் மறுபடி மறுபடி போடுகிறேன்.

'யா யா' அதற்கு நேர் எதிர். நான்சி சினாட்ராவின் பழைய பாடலின் மிடுக்கையும் பீச் பாய்ஸ் குழுவின் மெட்டுத் துணுக்கையும் உள்ளிழுத்துக்கொண்டு, கைதட்டலும் கூச்சலுமாக ஒரு மேடைக் களியாட்டத்தையே நடத்துகிறார். களியாட்டத்துக்கு நடுவில் சம்பளம், வரலாறு, நிறம் எல்லாவற்றையும் பேசிவிடுகிறார் என்பதை ஆடி முடித்த பிறகே கவனிப்போம். ஆல்பம் முழுவதிலும் தாளத்துக்காகப் பயன்படுத்திய ஒலிகளைத் தனியாகவே எழுதலாம்: குதிரை லாடத்தின் ஒலி, மரத்தளத்தில் பூட்ஸ் மிதிபடும் ஒலி, பியான்சே தம் நகங்களால் தட்டும் ஒலி. கடத்தின் மேல் நகமும் விரலும் உள்ளங்கையும் விளையாடுவதைக் கண்ட நம்மவர்கள் ஹெட்போன் போட்டுக்கொண்டு 'ரிவர்டான்ஸ்' பாடலைக் கேட்டால் இதை நன்கு ரசிப்பார்கள்.

குறைகளே இல்லையா என்றால், உண்டு. போஸ்ட் மலோனுடன் பாடிய 'லீவைஸ் ஜீன்ஸ்' இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இவ்வளவு சுமை தூக்கும் ஓர் ஆல்பத்தில் அது விளம்பரப் பாட்டைப்போல லேசாக மிதக்கிறது. 'டெசர்ட் ஈகிள்' ஒரு நிமிடத்துச் சிணுங்கல். எடுத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' விஷயத்தில் ரசிகர்களோடு நான் முரண்படுகிறேன். 1973-இல் வந்த அந்தப் பாடலில் ஒரு மனைவி இன்னொரு பெண்ணிடம் என் கணவனை எடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சுகிறாள். பியான்சே வரிகளை மாற்றி, கெஞ்சலை எச்சரிக்கையாக்கியிருக்கிறார். ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகா இருந்தும், துணிச்சல் கூடிய அளவுக்கு வலி குறைந்துவிட்டது என்பதே என் கருத்து. பயப்படுகிற பெண்ணின் பாட்டைப் பயமே அறியாத பெண் பாடினால் பாட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது. அதே கோபம் 'டாட்டர்' பாடலில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 27 தடங்கள் என்பதும் சற்று அதிகம்தான். பிற்பகுதியில் கச்சேரி துக்கடாவுக்கு வந்துவிட்டது போன்ற தளர்ச்சி ஓரிரு இடங்களில் தெரிகிறது. ஃபிடிலையும் கனமான பேஸையும் மோதவிடும் 'டைரண்ட்' வந்த பிறகு அந்தத் தளர்ச்சி முற்றிலும் நீங்கிவிடுகிறது. கடைசிப் பாடலான 'ஆமென்' முதல் பாடலின் மெட்டை மீண்டும் கையில் எடுப்பதால், முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து போடத் தோன்றுகிறது.

விருதுகளைப் பற்றி ஒரு செய்தி. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 2024-இல் இந்த ஆல்பத்தை ஒரு பிரிவில்கூடப் பரிந்துரைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் இது சிறந்த கன்ட்ரி ஆல்பமாகவும் ஆண்டின் சிறந்த ஆல்பமாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய விருதை முன்பு தாம் வெல்லாமல் போனதை 'ஸ்வீட் ஹனி பக்கின்' பாடலில் பியான்சே குத்தலாகக் குறிப்பிட்டிருப்பார். அந்தக் குத்தல் அடங்கிய ஆல்பத்துக்கே அந்த விருது வந்து சேர்ந்தது. மேடையில் அவர் அதை லிண்டா மார்டெலுக்குக் காணிக்கையாக்கினார். விருது வந்ததால் ஆல்பம் உயர்ந்துவிடவில்லை என்று நாகரிகமாகச் சொல்லலாம். ஆனால் அன்று காலை கைப்பேசியில் செய்தியைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் கொட்டிக்கொண்ட ரசிகை நான், எனவே அப்படியெல்லாம் சொல்லப் போவதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். இந்த ஆல்பத்தை வரிசை மாற்றிக் கேட்கக்கூடாது. ஒரு பாடலின் கடைசி ஒலியிலிருந்தே அடுத்தது கிளம்பும் இடங்கள் பல உள்ளன. பாட்டுக்கு நடுவே விளம்பரம் நுழைக்கும் இலவசச் செயலிகளில் கேட்டால் பாதி அழகு போய்விடும். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை காரில் போகிறவர்கள் ஏறியதும் போட்டால், ஊர் வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ முழுவதையும் கேட்டுவிடலாம். வினைல் இசைத்தட்டாக வாங்குகிறவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலில் வெளிவந்த தட்டுகளில் 'ஸ்பகெட்டி', 'யா யா', 'ஃபிளமெங்கோ', 'தி லிண்டா மார்டெல் ஷோ', 'ஓ லூசியானா' ஆகிய ஐந்தும் இல்லை. மார்டெலின் குரல் ஒலிக்கும் இரண்டு தடங்களும் அந்த ஐந்தில் அடக்கம் என்பதால், யாரை நினைவூட்டுவதற்காக இந்த ஆல்பம் இவ்வளவு பாடுபட்டதோ அவரே அந்தத் தட்டில் இல்லாமல் போய்விட்டார். ஆகவே யாராவது முதல் பதிப்பைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னாலும், உறையின் பின்புறம் உள்ள பாடல் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.